எஸ்தர் மேடம் விட்டுச்சென்ற இரண்டு கட்டங்கள்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் சபைப் பத்திரிகைக்காக இதை அச்சுக்கோர்க்கும் தம்பிதான் பாவம். ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். ‘ழ’ எழுதப் போனால் பேனா பாதி வழியில் நின்றுவிடும். நாற்பது வருடம் தோல் பதனிடும் டேனரிகளில் ஈரத் தோலைத் தூக்கிய கை இது. அறுபத்தெட்டு வயதில்தான் பேனா பிடித்தது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆனாலும் எழுதுகிறேன் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடுதான் இந்த வெட்கக்கேட்டையும் எழுத வேண்டியிருக்கிறது.

மாலை வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கண்ணில் படும் எழுத்தையெல்லாம் படிக்கிறேன். மருந்துக்கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, செருப்பு டப்பா, எதையும் விடுவதில்லை. “பஜாருக்குப் போனா எத்தினி செவுரு இருக்குதோ அத்தினியும் படிச்சிட்டுத்தான் வருவாரு. கொத்தமல்லி வாடிப் பூடுது” என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள். போன மாதம் ஆம்பூர் பஜாரில் புதிதாக ஒட்டிய ஒரு சுவரொட்டியைப் பார்த்தேன். முன்பெல்லாம் நான் படத்தைப் பார்ப்பேன். இப்போது எழுத்தைத்தான் பார்க்கிறேன். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று படித்தேன். அடுத்த வரிக்குப் போனேன். “எஸ்தர்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஒரு பெயரைத் தடுக்காமல் ஒரே மூச்சில் படித்துவிட்ட மகிழ்ச்சியில் சிரித்தேன். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதன் பிறகுதான் படத்தைப் பார்த்தேன். நம் எஸ்தர் மேடம். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்துப் படம்.

அவர் இறந்த செய்தியைச் சிரித்துக்கொண்டே தெரிந்துகொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் டேனரியில் வேலை செய்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கணக்கறையில் லாட் புத்தகம் எழுதியவர் அவர். சுண்ணாம்பிலும், பதனிடச் சுழலும் மர டிரம்மிலும் ஊறும் தோலின் மேல் மை நிற்காது. அதனால் எந்தத் தோல் எந்த லாட்டை, அதாவது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று வால் பக்கம் துளை போட்டும் கத்தியால் வெட்டியும் குறி வைப்போம். நான் டிரம்மிலிருந்து தோலை இழுத்துக் குறியைப் பார்த்துக் கூவுவேன். அவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து எழுதிக்கொள்வார். துளையை என்னைவிட வேகமாகப் படிப்பவர்கள் அங்கே இல்லை. எண்களும் தெரியும். சம்பளத் தாளில் என் பெயரைப் படம் மாதிரி வரைந்துவிடுவேன். அதனால் எனக்கு எழுத்தே தெரியாது என்று அவருக்குச் சந்தேகம் வரவில்லை. வரவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

தொண்ணூறுகளில் ஒரு வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டி வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் டப்பாவின் மூடி மேல் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு மேடம் உட்கார்ந்துவிடுவார். ஊர்ப்பெயர், பூப்பெயர், ராஜா பெயர் எல்லாவற்றையும் அவரே போட்டுவிடுவார். ஒன்றிரண்டு மட்டும் மாட்டும். ‘செய்யுளில் எல்லாம் என்பது இப்படிக் குறுகும்’, ‘செய்யுளில் உள்ளம் என்பது இப்படிக் குறுகும்’ என்று குறிப்பு கொடுத்திருப்பார்கள். அப்போது அவருக்குக் கோபம் வரும்.

“கட்டம் பத்தலன்னா போதும், இந்தப் போட்டிக்காரன் செய்யுளுக்குள்ள ஓடிப்போய் ஒளிஞ்சிக்கிறான் பாக்கியண்ணா! மனுஷன் பேசற வார்த்தையில கேட்டா இன்னா?”

“இன்னா மேடம் கேக்கறான்? சொல்லுங்க.”

“எல்லாம்ங்கறத மூணு கட்டத்துல அடைக்கணுமாம்.”

“எலாம்.”

அவர் எண்ணிப் பார்ப்பார். கண் பெரிதாகும். “எப்டிண்ணா வருது உங்களுக்கு?”

எப்படி வந்தது என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. பாட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்திருப்பேனே தவிர, எல்லாப் பாட்டும் காது வழியாக உள்ளே போனதுதான். பாட்டில் வார்த்தைகள் மெட்டுக்குத் தகுந்தபடி இளைத்திருக்கும். அந்த இளைத்த வார்த்தைகளை எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அவை கட்டத்துக்குள் சரியாக உட்காரும்போது எனக்குள்ளும் ஏதோ நிமிர்ந்து உட்காரும். நான் வேலை செய்த நாற்பது வருடத்தில் என்னிடம் யோசனை கேட்டவர் அவர் ஒருவர்தான்.

விடை சொன்னதும் உடனே எழுதிவிட மாட்டார். “நெட்டுக்கும் குறுக்குக்கும் ரெண்டு பக்கமும் ஒத்துக்கினாத்தான் பேனாவுல எழுதணும்ணா. அதுவரிக்கும் மனசுல வெச்சிக்கணும்” என்பார். லாட் புத்தகத்தையும் அவர் அப்படித்தான் எழுதினார். அடித்தல் திருத்தல் இருக்காது.

அவருக்குப் பரிசில் ஆசை இல்லை. எல்லா விடையும் சரியாக எழுதியவர்களின் பெயரை ஊர்ப்பெயரோடு பத்திரிகையில் போடுவார்கள். அதில் ஒரு தடவை தன் பெயர் வர வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. “என் பேரு அச்சுல வந்ததே ஒரு வாட்டிதாண்ணா, கல்யாணப் பத்திரிகையில. அதுலயும் தப்பா அடிச்சிட்டான்” என்று சிரிப்பார். நான்கு வருடம் அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் ஒன்றோ இரண்டோ தவறிவிடும்.

ஒரு சனிக்கிழமை என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். வேலூரில் அவருக்கு ஆபரேஷன். மறுநாளே போய்ச் சேர வேண்டும், திரும்பிவர மூன்று வாரம் ஆகும். முகம் வெளுத்திருந்தது. ஆனால் பேசியது போட்டிக் கூப்பனைப் பற்றித்தான். பத்திரிகையிலிருந்து கட்டத்தை வெட்டி, விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவரோடு என்னிடம் நீட்டினார்.

“இந்த வாட்டி எல்லாம் சரிண்ணா. எனக்கே தெரியுது. ரெண்டே ரெண்டு கட்டம் பாக்கி. செய்யுளில் ‘என்னை’ எப்படிக் குறுகும்னு கேட்டுக்கீறான். என் தலையில இப்ப ஒண்ணும் ஓடல. நாளைக்குக் கோயில்ல காதைத் தொறந்து வெச்சிக்கினு கேளுங்க. வந்துச்சின்னா நீங்களே எழுதி, ஒட்டி, கேட்டாண்ட இருக்கிற தபால் பொட்டியில போட்டுடுங்க. திங்கக்கெழம போட்டாத்தான் போய்ச் சேரும்.”

“சரி மேடம். நீங்க கவலப்படாம போய்ட்டு வாங்க” என்றேன்.

ஞாயிறு காலை ஆராதனையில் மூன்றாவது பாட்டு. அதன் முதல் சொல்லே ‘எனை’. பாடிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். கோயில் பலகையில் பாட்டின் எண் இருந்ததே, அது எனக்குப் படிக்கத் தெரியுமே! வீட்டுக்கு வந்து புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடினேன். பாட்டின் தொடக்கத்தில் இரண்டு எழுத்து தடிப்பாக இருந்தது. சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன், அழித்தேன், வரைந்தேன். சாயங்காலம் வரை அதே வேலை. என்னிடம் பேனா கிடையாது. மரப்பெட்டிகளில் குறி போடும் பென்சில் ஒன்று இருந்தது. அதை நன்றாகச் சீவி, மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டு கட்டத்திலும் எழுதினேன். என் பெயரைத் தவிர நான் வாழ்க்கையில் முதல் முதலாக எழுதிய சொல் அது. அன்று ராஜா மாதிரி தூங்கினேன்.

திங்கட்கிழமை மழை. கேட்டருகே இருந்த தபால் பெட்டியின் தலையில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. மழையில் போட்ட கடிதம் நனையும் என்று எல்லோருக்கும் தெரியும். மேடத்தின் எழுத்து நனையக் கூடாது என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. பினிஷிங் செக்‌ஷனில் கடைசியாகத் தோலின் மேல் லேக்கர் அடிப்போம். அடித்துவிட்டால் தண்ணீர் ஏறாது, தோல் கண்ணாடி மாதிரி மின்னும். பிரஷ்ஷை எடுத்து அந்தக் கூப்பனின் மேல் ஒரே ஒரு பூச்சுப் பூசினேன்.

தோல்காரனைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு புத்தி வராது. தோலில் மை இல்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. லேக்கர் பேனா மையைக் கரைக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் உப்பி, கட்டத்தை விட்டு வெளியே ஊர்ந்து, பக்கத்து எழுத்தோடு சேர்ந்து நீலமாக ஓடியது.

அப்போதும் நேரம் இருந்தது. மை முழுவதும் ஓடிவிடவில்லை. உற்றுப் பார்த்தால் படித்திருக்கலாம். பஸ் ஸ்டாண்டுக் கடையில் அதே பத்திரிகை தொங்கிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசரிடம் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் புதிய கூப்பனில் எழுதிக் கொடுத்திருப்பார். அதற்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ‘எனக்கு எழுதத் தெரியாது’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கூப்பனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு டிரம்முக்குப் போய்விட்டேன்.

மேடம் இளைத்துப்போய்த் திரும்பிவந்தார். ஜன்னலில் கேட்ட முதல் கேள்வி, “பொட்டியில போட்டீங்களாண்ணா?”

“போட்டேன் மேடம்.”

“அந்த ரெண்டு கட்டம்?”

“எனை.”

அவர் கைதட்டினார். ஆபரேஷன் தையல் வலித்திருக்க வேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

சரியான விடைகளும் பெயர்களும் வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. பதினெட்டு விடையும் அவர் எழுதியபடியே இருந்தன. பட்டியலில் அவர் பெயர் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, விரல் வைத்துப் படித்தார். அவர் அவ்வளவு ஆசைப்பட்ட அச்சு இப்போது பஜார் சுவரில் பிழையில்லாமல் வந்திருக்கிறது. அதைப் படிக்க எனக்குத்தான் கொடுத்துவைத்திருந்தது.

கேட்டருகே தபால் பெட்டியைத் திறக்க வருபவர் கபூர் பாய். நல்ல மனிதர். சைக்கிளை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் சலாம் வைத்துவிட்டுத்தான் சாவியை எடுப்பார். மேடம் நேராக அவரிடம் போனார்.

“இன்னா பாய், மழ பேஞ்சா பொட்டியத் தெறக்க மாட்டீங்களா?”

“யம்மா, அல்லா மேல ஆணையா தெனம் தெறக்கறேம்மா.”

“அப்ப என் கவர் எங்க போச்சி? காத்துல பறந்துச்சா?”

பாய் என் பக்கம் திரும்பினார். “இன்னாபா பாக்கியம், நீயே சொல்லு. ஒரு நாளாச்சும் வராம இருந்துகீறேனா?”

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எனக்கு இன்னா தெரியும் பாய்? நா உள்ள டிரம்முல இருந்தேன்.”

அன்றிலிருந்து மேடம் கபூர் பாயிடம் பேசவில்லை. அவர் சலாம் வைத்தால் வேறு பக்கம் பார்ப்பார். தன் கடிதங்களை ஊருக்குள் இருக்கும் தபால் ஆபீசுக்கே நடந்துபோய்ப் போட்டார். குறுக்கெழுத்தையும் விட்டுவிட்டார். “இனிமே வேணாண்ணா. பேஜாரு” என்றார். சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலை மூடிக்கொண்டார். சில வருடத்தில் அந்த டேனரியும் மூடியது, நான் வேறு டேனரிக்குப் போனேன். நான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கேக் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். எழுத்துக் கற்றுக்கொண்டதும் எழுதியாவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒற்றெழுத்து சரியாக வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் சுவரொட்டி வந்துவிட்டது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்குக் கபூர் பாய் வந்திருந்தார். இப்போது வாணியம்பாடியில் மகன் வீட்டில் இருக்கிறார். கேட்டுக்கு வெளியே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“தங்கமான பொம்பள பாக்கியம். எம்மேல மட்டும் ஏனோ கோவம் தீரவேயில்ல. நா வேலையில தப்பு பண்ணவன் இல்லபா” என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. நான் அவர் தோளில் கை வைத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அந்தக் கூப்பன் என்னிடம் இருக்கிறது. லேக்கர் அடித்ததால் பூச்சி அரிக்கவில்லை, மடிப்பும் விழவில்லை. அவர் எழுதியது முழுவதும் நீலக் கறை. பென்சிலை லேக்கர் ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது. நான் எழுதிய இரண்டு எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது. வகுப்பில் சேர்ந்த பிறகு ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். வரைந்ததை முதல் தடவையாகப் படித்தேன். எஸ்தர் மேடத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் வரை எழுதக் கூடாது என்று அவர் சொன்னதும் இருக்கிறது. இதில் ஒரு பக்கத்தை நான் எழுதிவிட்டேன். மறுபக்கத்தில் ஒப்புக்கொள்ள அவர் இல்லை.

நண்பர்களே, கபூர் பாயை யாராவது பார்த்தால் இதை முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம். நான் சொல்ல வேண்டியது. அடுத்த வாரம் முழுவதும் உட்கார்ந்து அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதப் போகிறேன். அதைப் பெட்டியில் போட மாட்டேன். வாணியம்பாடிக்குப் பஸ் ஏறிப் போய் அவர் கையிலேயே கொடுப்பேன். என் கையெழுத்தைப் படிக்க அவருக்கு நேரமாகும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்து முடிக்கும் வரையில் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன்.