என் தம்பி மான் சுட்டதில்லை

எனக்கு எண்பத்தொரு வயது நடக்கிறது. வளர்த்தது ஏழு பேரை. பெற்றது ஆறு, பெறாமல் வளர்த்தது ஒன்று. அந்த ஒன்றுதான் இந்த நினைவு மலரின் அட்டையில் படமாக இருக்கும் என் தம்பி. எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் தெரியும், அதற்கு மேல் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மூத்த மகளின் மகள் எழுதுகிறாள். தம்பியானாலும் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும் என்கிறாள். எழுதட்டும். உயிரோடு இருந்தவரை இந்த ஊரில் ஒருவரும் அவருக்கு அந்த மரியாதையைக் கொடுத்ததில்லை.

தம்பி பிறந்தது களமருதூரில். அப்பாவின் முகம் அவருக்குத் தெரியாது. அவருடைய ஐந்தாவது வயதில் அம்மாவும் போய்விட்டார். அந்த வருடமே கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். சீர் என்று நான் கொண்டுபோனது ஒரு பித்தளைக் குடமும், கையைப் பிடித்துக்கொண்டு வந்த தம்பியும்தான். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பங்காளிகள் நால்வர் சொன்னார்கள். 'அக்கா வூட்டு சோறு' என்று தம்பிக்குப் பேர் வைத்தார்கள். பதினாலு வயதில் கரும்பு வெட்டப் போய், மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு லோடு ஏற்றி, சம்பாதித்துக் கொண்டுவந்து என் உலையில் அரிசி போட்ட பிறகும் அந்தப் பேர் போகவில்லை.

அந்த நால்வரும்தான் இப்போது காரியப் பந்தலில் உட்கார்ந்து மூன்றாவது காப்பி குடிக்கிறார்கள். தெருமுனையில் அவர்கள் வைத்திருக்கும் பேனரில் தம்பி முகத்துக்குப் பக்கத்தில் ஒரு புலி. கீழே 'வேட்டைச் சிங்கம்' என்று போட்டிருக்கிறதாம். புலியா சிங்கமா என்றே முடிவு செய்யத் தெரியாதவர்கள்.

நேற்று தம்பி மகன் என்னிடம் வந்தான். "அத்த, அப்பா மழையில ஒரே குண்டுல மான சாச்சாராமே. மாமாங்க நாலு பேரும் சொல்லிக்கினு கீறாங்க. அத வெச்சி நாலு வரி சொல்லுங்க, புக்குல போட்டுடலாம்" என்றான்.

நாலு வரி எதற்கு? முழுவதும் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் வேட்டைக்குப் போன தலைக்குக் கறியில் ஒரு பங்கு, ஓடிய நாய்க்கு அரைப் பங்கு. தம்பிக்குப் பங்கே கிடையாது. வெளியூர்த் தலையாம். நாட்டுத் துப்பாக்கியையும் வெடிமருந்தையும் நனையாமல் சுமந்து வருவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. நாய் உள்ளூர் நாய், அதனால் அதற்கு உண்டு.

அந்த மான் வேட்டை நடந்த ஐப்பசியில் அவருக்குப் பத்தொன்பது வயது. என் மூத்த மகளுக்கு ஏழு. அவள் இந்த ஊர்ப் பிள்ளை, அவள் வந்தால் பங்கு போட்டே ஆக வேண்டும் என்று தம்பி யோசித்திருக்கிறார். நான் நடவுக்குப் போயிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கொட்டுகிற மழையில், குழந்தையை, வேட்டைக்குப் போன அந்த நால்வரின் பின்னாலேயே கரியாலூர்ப் பக்கத்துக் காட்டுக்கு நடத்திக் கூட்டிப்போய்விட்டார். ஒரு சட்டிக் கறிக்காக. அந்தப் புத்தியை நான் அன்றும் மன்னிக்கவில்லை, இன்றும் மன்னிக்கவில்லை. செத்துவிட்டார் என்பதற்காக மாற்றிச் சொல்ல மாட்டேன்.

காட்டில் நடந்ததை மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளைப் பார்த்ததும் நால்வரில் மூத்தவர், "இன்னாடா, பால் குடிக்கிறதுக்கும் பங்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"பங்குக்கு வயசு பாக்குறீங்களா இன்னா? தல கீதில்ல?" என்றிருக்கிறார் தம்பி.

மழை விடவில்லை. குழந்தைக்குப் பல் கிட்டிக்கொண்டது, உதடு நீலமாகிவிட்டது. நால்வரும் ஆளுக்கொரு கம்பளி போர்த்தியிருந்தார்கள். ஒருவரும் கழற்றவில்லை. துப்பாக்கியும் மருந்தும் உரமூட்டையின் பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்தன. தம்பி அதை உருவி என் மகளுக்குத் தலையோடு போர்த்திவிட்டார். "துப்பாக்கிக்கு குளுராது, நீ போத்திக்க" என்றாராம்.

கொஞ்ச நேரத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் புள்ளிமான் வந்து நின்றது. மூத்தவர் துப்பாக்கியை வாங்கிக் குறி பார்த்து இழுத்தார். டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் இழுத்தார். மான் இவர்களைப் பார்த்துவிட்டு, ஓடக்கூட இல்லை, நடந்தே போய்விட்டது.

தம்பி கன்னத்தில் அறை விழுந்தது. "மருந்த நனய வுட்டுட்டு புள்ளைய பொட்டலம் கட்டி வெச்சிகீறான் பாரு. இவள துப்பாக்கில கெட்டிச்சி சுட்டா மான் வுழுமாடா?" என்று கேட்டுவிட்டு, இருவரையும் அந்த மழையிலேயே விட்டு நாயோடு இறங்கிப் போய்விட்டார்கள். குழந்தைக்கு வழி தெரியாது, தம்பிக்கும் பாதிதான் தெரியும். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். அவளை முதுகில் கட்டிக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்.

நான் என்ன செய்தேன்? "ஒரு எலும்பு கூட இல்லாம வந்து நிக்கிறியே, இதுக்கா புள்ளைய இட்டுகினு போன? அவுங்க உன்ன சொல்றது சரிதான்" என்றேன். மறுநாள் மகள் சொன்ன பிறகும் நான் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்க வேண்டும். எனக்குத் திமிர் ஜாஸ்தி.

அதன் பிறகு அவர் காட்டுப் பக்கம் போகவில்லை. கல்யாணம் செய்தார், ஒரு மகனைப் படிக்க வைத்தார், கால் வீங்கிய கடைசி வருடம் வரை கரும்புக் கொல்லையில் நின்றார். அந்த நால்வர் அவரை ஐம்பது வருடம் 'நனஞ்ச மருந்து' என்று கூப்பிட்டார்கள். மகன் கல்யாணப் பந்தியிலும் கூப்பிட்டார்கள். இப்போது அவர் மான் சுட்டார் என்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். சுடவில்லை என்று சொன்னால் ஏன் சுடவில்லை என்று பிள்ளைகள் கேட்கும். ஏழு வயதுப் பெண்ணைக் காட்டில் விட்டுவிட்டு வந்தது யார் என்று சொல்ல வேண்டிவரும். அதற்குத்தான் இந்தச் சிங்கம்.

தம்பி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு மருமகளுக்கும், அவரைத் தன் அப்பாவைப் போலத் துடைத்துவிட்ட நர்சம்மாவுக்கும், வண்டியில் தூக்கி வைத்த பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வராமல் பந்தலுக்கு மட்டும் வந்தவர்கள் சாப்பிட்டுப் போகலாம். அவர்களுக்கு நன்றி கிடையாது.

எழுதிவிட்டாயா, கண்ணு? ஒரு தடவை படித்துக் காட்டு. இங்கே வேண்டாம், மைக் செட்காரர் பந்தலில்தான் இருக்கிறார், அங்கே போய்ப் படி. எனக்கு இங்கிருந்தே கேட்கும்.