மிச்சமான ரப்பர் குழாய்

எங்கள் லாரி சண்டைக்குப் போய்வந்த லாரி. வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுவிட்டுப் போனதை அப்பா ஏலத்தில் எடுத்திருந்தார். பெட்ரோல் வண்டி. கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் ஊரில் குடிகாரர்களுக்குக் குறைவில்லை என்றாலும், அந்த லாரி பெட்ரோல் குடிப்பதற்கு ஈடாகக் குடிக்க ஓர் ஆள் கிடையாது என்று அம்மா சொல்வாள். மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு ரோடு போட்டு முடித்ததும் ஆளாளுக்கு மலையிலிருந்து வாழைத்தாரும் பலாப்பழமும் இறக்கக் கிளம்பினார்கள். எங்கள் லாரி மட்டும் வீட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றது. ஓட்டினால் வரும்படி பெட்ரோலுக்கே சரியாகப் போகும்; ஓட்டாவிட்டால் அடுப்பு எரியாது.

டீசல் எஞ்சின் யோசனையைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி, லாரிக்குக் கிளீனர், எனக்கு விளையாட்டுத் தோழன். துறையூர்ப் பக்கம் கவிழ்ந்துபோன ஒரு புது லாரியின் எஞ்சினைப் பேசி முடித்து, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வந்து சேர்ந்தார். கூடவே ஒரு மெக்கானிக்கும் வந்தார். புளியமரக் கிளையில் சங்கிலி போட்டுப் பழைய எஞ்சினைத் தூக்கினார்கள். புதியது நீளத்திலும் கனத்திலும் ஒரு சுற்றுப் பெரியது. உட்காரவே மாட்டேன் என்றது. சட்டத்தை அறுத்தார்கள், தகட்டை வெட்டினார்கள், கனம் தாங்குவதற்காக முன்சக்கரத்து வில்பட்டைகளுக்கு மேல் இன்னும் இரண்டு பட்டை சேர்த்தார்கள். கடைசியில் கரும்புகையைக் கக்கிக்கொண்டு அது உறுமியபோது அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கெல்லாம் பொரிகடலை கொடுத்தார்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய ஒரு ரப்பர் குழாய் இரண்டு முழத்துக்கு மிச்சமாகக் கிடந்தது. புது எஞ்சினில் அதைச் சொருக இடமே இல்லை.

"இதுக்கு இதுல வேலையில்லீங்க" என்று மெக்கானிக் ஒதுக்கிப் போட்டார்.

சித்தப்பா அதை நன்றாகக் கழுவி எனக்குக் கொடுத்தார். ஒரு முனையை என் காதில் வைத்துவிட்டு மறுமுனையில் பேசுவார். "ஏனுங்க, செம்மேடுங்களா? எங்க கண்ணு அங்க வந்துச்சுங்களா?" நான் குழாயை வாய்க்கு மாற்றிக்கொண்டு, "இல்லீங்க, இங்க வரலீங்க" என்பேன். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

கொஞ்ச நாள் சமவெளியில் செங்கல் ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். லாரி நன்றாக இழுத்தது. பிரேக் மட்டும் கெட்டிப்பட்டுப்போனது. அப்பா மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, "எஞ்சின் கனம் ஏறியிருக்குதுங்கள்ல, அப்படித்தானுங்க இருக்கும். பழகிப் போயிரும்" என்றார். அப்பாவும் பழகிக்கொண்டார். பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டைவிட்டு எழுந்து நிற்பார். பக்கத்தில் இருக்கும் நானும் எழுந்து நிற்பேன். பெரிய எஞ்சின் வைத்த லாரியை நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும் போலிருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மலைக்குப் போன முதல் நாள் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. ஏறும் லாரிகள் அடிவாரத்துக் கருப்பனார் முன்னால் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போவது வழக்கம். செம்மேட்டில் பலாப்பழத்தோடு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சித்தப்பா அவசரப்படுத்தினார். "எறங்கறப்ப ஒடைச்சுக்கலாம்ணா." என்னிடம், "வாரப்ப பெரிய பழமா உனக்கு ஒண்ணு, சாமி" என்றார்.

லாரி சுணங்காமல் மேலே ஏறியிருக்கிறது. இறங்கும்போதுதான் நிற்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் சித்தப்பா தடுப்புக் கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்துச் சக்கரத்துக்கு முன்னால் போட்டிருக்கிறார். சக்கரம் கட்டையின் மேலும் ஏறியது, அவர் மேலும் ஏறியது. அப்பா வண்டியை மலைப்பக்கமாக ஒடித்து மோதி நிறுத்தினார். அப்பாவுக்குக் கை ஒடிந்ததோடு சரி. பலாப்பழங்கள் பள்ளத்தாக்கு முழுக்கக் கிடந்தனவாம்.

அதற்குப் பிறகு அப்பா ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்தார். "கருப்பன்கிட்ட நிக்காமப் போயிட்டோமுங்க. சாமி குத்தமாயிருச்சு." துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அதையேதான் சொன்னார். ஆமாங்க, சாமி குத்தந்தானுங்க என்று அவர்களும் சொன்னார்கள். அதைக் கேட்ட அன்றைக்கு மட்டும் அவர் இரண்டு வாய் சோறு சாப்பிடுவார். நான் வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து குழாயில், "ஏனுங்க, செம்மேடுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒடுங்கிய முகத்தோடு லாரி மறுபடியும் புளியமரத்தடிக்கு வந்து நின்றது. அதை வாங்கச் சேலத்திலிருந்து ஒருவர் தன் மெக்கானிக்கோடு வந்தார். அந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இங்கிருந்து பிரேக்குக்குப் போற ரப்பர் குழாய் எங்கீங்க?" என்றார்.

"அதுக்கு வேலையில்லைன்னு கழட்டிட்டாங்க" என்றார் அப்பா.

"பெட்ரோல் எஞ்சின் காத்தை இழுக்குமுங்க. அந்த இழுப்பு இந்தக் குழாய் வழியாப் போயி, உங்க காலோட சேந்து பிரேக்கை அமுத்தும். டீசல்ல அந்த இழுப்பே கெடையாதுங்க. அதுக்குன்னு தனியா ஒரு பம்பு வெச்சிருக்கோணும். இல்லாட்டி நாலு ஆளு ஏறி மிதிச்சாலும் மலையில நிக்காதுங்களே."

அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது குழாயைத் தேடுகிறார்கள் என்பது மட்டும்தான். "எங்கிட்ட இருக்குதுங்க!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். எடுத்து வந்து அப்பாவின் கையில் கொடுத்தேன். அப்பா அதை வாங்கிக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவரும் சித்தப்பாவிடம் பேசத்தான் ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன்.

"காதுல வெச்சுக்கோங்கப்பா" என்றேன்.

அன்றைக்குப் பிறகு சாமி குத்தம் என்ற பேச்சு அப்பாவின் வாயில் வரவே இல்லை. யாராவது ஆறுதலாக எடுத்தால்கூட எழுந்து போய்விடுவார். அப்பாவுக்கு மனசு தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.