ஓசூருக்கு நைட்ரிக் ஆக்ஸைடு கொண்டுபோன சனிக்கிழமை

ஓசூருக்கு யாரும் நைட்ரிக் ஆக்ஸைடோடு பயணம் போவதில்லை. நாங்கள் போனோம். எங்கள் கல்லூரியில் வேதியியல் எடுக்கும் மஞ்சுளா மேடத்தின் ஆய்வுக்கு அந்த வாயுவின் புற ஊதா நிறமாலை வேண்டும். ஓசூரில் ஒரு தனியார் ஆய்வகம் போன மாதம் ஒரு சனிக்கிழமை நேரம் கொடுத்தது. அடுத்த வாரமே ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். விட்டால் இன்னொரு நேரம் கிடையாது. வாயுவை நிரப்பி ஒளியைச் செலுத்திப் பார்க்கும் 'செல்' என்ற சின்னக் குப்பியை நான் தருகிறேன் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். நான் இயற்பியல்.

கிருஷ்ணகிரியில் காலை ஏழு மணி பஸ். சூளகிரி வழியாக ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஓசூரில் இறங்கி, ஆய்வகம் இருந்த மத்திகிரி பக்கம் ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். வாயு நிரப்பிய செல் இருந்த பெட்டியை மேடம் மடியில் பிடித்திருந்த பிடியைப் பார்த்து, கேக்கா என்று டிரைவர் கன்னடத்தில் கேட்டார். கர்நாடக எல்லையோரப் பேரிகைக்காரரான மேடம், காற்று என்று கன்னடத்திலேயே சொன்னார். அதற்குப் பிறகு மனிதர் மெதுவாகத்தான் ஓட்டினார்.

வாயு சுத்தமாக இருந்தால் 230 நானோமீட்டருக்குக் கீழே கூரிய முகடுகள் வரிசையாக வர வேண்டும். திரையில் வந்தது, முந்நூறுக்குக் கீழே ஒளியே வராத ஒரே சுவர். ஆய்வகத்துக்காரர் முன்னாலேயே நான் முந்திக்கொண்டேன்.

"கேஸ் கெட்டுப்போச்சு மேடம். காத்து பூந்திருக்கு. வெளிய விட்டுட்டு காலி செல்ல வச்சுப் பாக்கலாம்."

நன்றாகச் சுத்தம் செய்துதான் நிரப்பினேன் என்று மேடம் தயங்கினார். நான் விடவில்லை. புகை உறிஞ்சும் கூண்டுக்குள் அடைப்பானைத் திறந்தார். நிறமே இல்லாத வாயு வெளிக்காற்றைத் தொட்டதும் பழுப்பாகிப் போனது. காற்று முன்பே புகுந்திருந்தால் உள்ளேயே பழுப்பாகியிருக்கும். காலி செல்லை வைத்தோம். அதே சுவர்.

என் அலமாரியில் இரண்டு செல்கள் இருந்தன. குவார்ட்ஸ் செல்லில் ஒரு கீறல். அதனால் பளபளவென்று இருந்த சாதாக் கண்ணாடியைக் கொண்டுவந்திருக்கிறேன். கண்ணாடி புற ஊதா ஒளியை விடாது, குவார்ட்ஸ்தான் விடும் என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்பவன் நான்.

என்ன ஆயிற்று என்று ஆய்வகத்துக்காரர் கேட்டார். மேடம்தான் பதில் சொன்னார்.

"நாங்கதான் சார் செல்ல மாத்தி எடுத்துட்டு வந்துட்டோம்."

நாங்க இல்லை, நான் என்று திருத்த எனக்கு நேரம் இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

அந்த நிறமாலை இல்லாமலே ஆய்வேடு போனது. நீங்கள் இப்படிப் போவதாக இருந்தால், செல்லின் ஓரத்தில் குவார்ட்ஸைக் குறிக்கும் 'க்யூ' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நிரப்புவதற்கு முன் காலி செல்லைக் கருவியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சனிக்கிழமை மதியம் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது.

திங்கட்கிழமை மேடத்திடம் போய், தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

"தெரியும் சார்," என்றார். "அத அங்கயே சொல்லியிருக்கலாம்."