வாசலில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர்

திருட்டு பயத்தில் திருவொற்றியூர் வீட்டு வாசலில் கேமரா மாட்டியிருந்தோம். மாதவரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது செல்போனில் பார்த்தேன். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் எங்கள் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். பதறிப்போய், கேமராவிலிருந்த ஸ்பீக்கர் வழியாக, "திருட்டுப் பயலே, அங்க இன்னாடா பண்ற?" என்று கத்தினேன். தெருவே கூடிவிட்டது.

அவர் எழுந்து கேமராவைப் பார்த்தார். "சாவிய பூட்டுலயே வுட்டுட்டுப் போய்ட்டீங்கக்கா. நான் எடுத்தா தப்பாயிடும். அதான் சவாரிக்குப் போவாம இங்கயே குந்திகினு கீறேன்."

உடனே கிளம்பி வந்தோம். சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டதும், "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை எடுத்தார்.

தெருவுக்கே கேட்கும்படி திட்டிய நான், மன்னிப்பை அவர் காதில் மட்டும் விழும்படி முணுமுணுத்தேன். இன்றும் அதுதான் உறுத்துகிறது.