சர்க்காருக்கு வலித்த வெட்டு

என் சித்தப்பா என் அப்பாவை அரிவாளால் வெட்டினார். கண்மாய்த் தண்ணீரை யார் வயலுக்கு முதலில் திருப்புவது என்ற தகராறு. அப்பாவின் கை எலும்பு முறிந்தது, போலீஸும் வந்துபோனது. ஆனால் காயம் ஆறுவதற்குள் அண்ணனும் தம்பியும் ராசியாகிவிட்டார்கள். அய்யனார் கோயிலில் அப்பாவே சித்தப்பாவின் நெற்றியில் திருநீறு பூசினார். எங்கள் பக்கம் அதோடு பகை தீர்ந்தது என்று அர்த்தம்.

ஆகவே விசாரணையன்று வெட்டியவரும் வெட்டுப்பட்டவரும் ஒரே தூக்குவாளிச் சோற்றோடு கல்லலில் பஸ் ஏறினார்கள். நான் சித்தப்பா மடியில் உட்கார்ந்து வந்தேன். செக்காலையில் இறங்கிய எங்களைச் சேர்ந்தாற்போலப் பார்த்த சித்தப்பாவின் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

“வைதது, கையால அடிச்சதுன்னா நீங்க ராசின்னு சொன்னதும் கோர்ட்டு விட்டுரும். அரிவாள வீசி எலும்ப முறிச்சா அது வேற வகை கேஸு. ராசிக்கே இடமில்ல.”

“வெட்டுப்பட்டவன் நானுல்ல? நானே மன்னிச்சுட்டேன்” என்றார் அப்பா.

“நீங்க மன்னிச்சீக. வழக்கு சர்க்காரோடது. அது மன்னிக்காது. உங்க தம்பிக்கு ஜெயிலுதான்.”

எனக்குப் புல்லரித்தது. அப்பா கையில் விழுந்த வெட்டு சர்க்காருக்கு வலிக்கிறதென்றால், அது எத்தனை பெரிய ஆளாக இருக்க வேண்டும்! கோர்ட்டுக்குள் போனதும் அதைத்தான் தேடினேன். உயரத்தில் ஜட்ஜ் உட்கார்ந்திருந்தார். டவாலி போட்ட சேவகர் ஓர் அதட்டல் போட்டதும் மொத்தக் கூட்டமும் மூச்சை அடக்கியது. சர்க்கார் அங்கேதான் எங்கேயோ நிற்கிறது என்று நிச்சயமாக நம்பினேன்.

கூண்டேறிய அப்பா, எதிரே நின்ற தம்பியைப் பார்த்தார்.

“என் தம்பி வெட்டலைங்க. வரப்புல வழுக்கி என் அரிவா மேல நானே விழுந்துட்டேன்.”

ஜட்ஜ் மறுபடியும் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு அதையே சொன்னார். வேறு சாட்சி இல்லாததால் சித்தப்பா விடுதலையானார். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கோ அப்பா அய்யனார் உயரத்துக்கு வளர்ந்துவிட்டதாகத் தோன்றியது.

அதுவரை ஊரில் எந்தத் தகராறென்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வாயில் பொய் வராது என்று, அவர் சொன்னதையே இரண்டு தரப்பும் ஏற்றுக்கொள்ளும். அந்த விசாரணைக்குப் பிறகு யார் வந்து கூப்பிட்டாலும், “வேற ஆளப் பாருங்கப்பா” என்று உள்ளே போய்விடுவார். சர்க்காரையே ஜெயித்தவருக்கு இந்தச் சில்லறை வழக்கெல்லாம் எதற்கு என்று, வந்தவர்களிடம் நான் பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.