நாத்தனார் போட்ட ஆஸ்டர் பாத்தி

பிறந்த வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். அடியோ அன்போ, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டவள் இல்லை. கல்யாணமாகிப் போன வீட்டிலும் அந்தக் குணம் மாறவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் கற்றுக்கொண்டாள்.

அந்த வீட்டின் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. செங்கல் துண்டும் கண்ணாடிச் சில்லும் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு, அதில் சைனா ஆஸ்டர் பூச்செடி வளர்த்தாள். விதை பழசானால் முளைக்காது என்பதால் வருஷா வருஷம் தன் செடியிலேயே நல்ல பூவாகப் பார்த்து விதைக்கு விடுவாள். தட்டில் சலித்த மண்ணைப் பரப்பி, விதையைத் தூவி, விதை மறைகிற அளவுக்கு மட்டும் மேலே மண் போடுவாள். எல்லாவற்றையும் ஒரேயடியாக விதைக்கமாட்டாள். இந்தச் செடி ஒரு தடவைதான் பூக்கும், வெட்டினால் மறுபடி துளிர்க்காது. அதனால் விட்டு விட்டு விதைத்தால்தான் தொடர்ந்து பூ கிடைக்கும். வெளி இதழ் விரிந்து நடுப்பகுதி இறுக்கமாக இருக்கும்போது, வெயில் ஏறுமுன் வெட்டி, அடி இலைகளை உருவிவிட்டு வாளித் தண்ணீரில் நிறுத்துவாள். ஊதா தனி, ரோஸ் தனி, வெள்ளை தனி. ஒரு காம்பு இன்னொன்றைவிட நீண்டிருக்காது.

பூவெல்லாம் நாத்தனார் கடைக்குப் போனது. கணவனின் அக்கா, தெருமுனையில் பூச்செண்டு கட்டி விற்பவள். ஒருநாள் மண்டபங்களுக்கு அலங்காரம் செய்கிறவர் கடைக்கு வந்து, "இந்த ஆஸ்டர் எங்கேருந்தும்மா வருது?" என்று கேட்டார்.

"நம்ம வீட்டுத் தோட்டம்தாங்க. நானே வளக்கறேன்."

வாளியோடு நின்ற சின்னவளை அவர் திரும்பிப் பார்த்தார்.

"இவ சும்மா எனக்கு ஒத்தாசைக்கு" என்றாள் நாத்தனார்.

சின்னவள் வாளியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்த வருஷக் கடைசியில் பாத்தி மூலையில் சில செடிகள் தலை தொங்கின. ஒரு பக்கத்து இலை மட்டும் மஞ்சள். தண்டைக் கீறினால் உள்ளே கறுப்புக் கோடு. வாடல் நோய். அதற்கு மருந்து கிடையாது. மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்திருந்து, அடுத்துப் போடுகிற ஆஸ்டரையும் தின்னும். செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, இனி மொட்டை மாடியில் புது மண் போட்டுத் தொட்டியில் வளர்ப்பது என்று முடிவு செய்தாள். அந்த வாரமே நாத்தனார் வந்து நின்றாள்.

"இனிமே பாத்தியை நானே பாத்துக்கறேம்மா. கேக்கறவங்ககிட்ட பொய் சொன்ன மாதிரி இருக்கக் கூடாது பாரு."

"அண்ணி, அந்த மண்ணுல வந்து..."

"மண்ணுக்கு என்ன? தங்கமான மண்ணு. யார் போட்டாலும் வரும். என்னமோ உன் கையில மந்திரம் இருக்கற மாதிரி பேசாத."

சின்னவள் வாய் வரை வந்ததை விழுங்கினாள். "உங்க இஷ்டம் அண்ணி."

"பாத்தியாக்கா, மறுபேச்சு பேசினாளா?" என்று கணவன் பூரித்துப்போனான். "அப்படிப்பட்ட குணம் அவளுக்கு!"

நாத்தனார் புது விதை வாங்கிப் போட்டாள். செடி நன்றாகவே வந்தது. முழங்கால் உயரம் வளர்ந்து மொட்டும் பிடித்ததும், வரப்போகிற ஒரு விழாவுக்கு மண்டபம் முழுக்கத் தன் தோட்டத்து ஆஸ்டர்தான் என்று அலங்காரக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். மாடியில் சின்னவளின் தொட்டிகளும் மொட்டு விட்டிருந்தன. தினமும் காலையில் டீயோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்ப்பாள்.

ஒருநாள் முதல் செடி தலை சாய்ந்தது. பிறகு பக்கத்துச் செடி. பிறகு அந்த வரிசையே. நாத்தனார் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாள். சின்னவள் இன்னொரு டீ போட்டுக்கொண்டாள்.

மண்டபத்து விழா நெருங்கியபோது நாத்தனார் மாடிப்படி ஏறி வந்தாள்.

"அங்கயே நில்லுங்க. செருப்பைக் கீழ விட்டுட்டு, காலைக் கழுவிட்டு வாங்க அண்ணி. அந்த மண்ணு இங்க ஒட்டக் கூடாது."

நாத்தனார் இறங்கிப்போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். சிமெண்டுத் தரை வெயிலில் கொதித்தது. கால் மாற்றி மாற்றி நின்றாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"வாயெடுத்தேன். ஒத்தாசைக்கு இருக்கறவ பேச்சு யார் காதுல விழுது?"

நாத்தனார் தொட்டிகளைப் பார்த்தாள். ஊதாவும் ரோஸும் வெட்டுகிற பதத்தில் நின்றன. "மானம் போயிடும்டி. இந்தப் பூவைக் குடுத்துடு. கடை பேருல அனுப்பிடறேன்."

"பூ வரும். நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன். இது யார் பூன்னு அவருக்கு இப்பவே ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க."

"கீழ போய்ப் பேசறேன், கால் சுடுது."

"இங்கயே பேசுங்க."

நாத்தனார் போனை எடுத்தாள். "அண்ணே, அந்த ஆஸ்டர்... அது எங்க தம்பி பொண்டாட்டி வளக்கறது."

"இதுக்கு முன்னாடி குடுத்ததும்" என்றாள் சின்னவள்.

"முன்னாடி குடுத்ததும் அவளோடதுதான்."

நாத்தனார் அதை முணுமுணுப்பாகத்தான் சொன்னாள். சின்னவள் பூவாளியில் தண்ணீர் பிடித்தபடி சொன்னாள்:

"சத்தமா சொல்லுங்க அண்ணி, அவருக்குக் கேக்கல போலருக்கு."