அம்சவேணி அம்மாளின் தோட்டா

சுரங்கத்துக்குள் ஏதோ ஒரு லெவலில் பாறை வெடித்தது. ஆண்டர்சன்பேட்டை ஒருமுறை குலுங்கி அடங்கியது. அம்சவேணி அம்மாள் தராசுத் தட்டிலிருந்த வெடிமருந்தை மறுபடி டப்பாவில் கொட்டிவிட்டு, முதலிலிருந்து நிறுக்கத் தொடங்கினார்.

"பூமி ஆடினா ஆடிக்கினு போவட்டும். என் முள்ளு ஆடக் கூடாது."

ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன சின்னத்துளை ரைஃபிள்கள் இந்தக் கோலார் தங்க வயலில் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றுக்கான தோட்டா கப்பலில் வருவது நின்று பல வருஷம் ஆயிற்று. சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளைக் கொண்டுவந்து கொடுத்தால், அம்மாள் புளி போட்டு விளக்கி, காயவைத்து, அடியில் பொறி கிளப்பும் புதுக் கேப்பு பொருத்தி, மருந்திட்டு, தானே வார்த்த ஈயக் குண்டை அமர்த்தித் தருவார். கூட்டில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் வீசிவிடுவார். கணவர் பாண்டுரங்கன் காலமானதும், துப்பாக்கிக் கடை லைசென்சைத் தன் பெயருக்கு மாற்றக் கோலாருக்குப் பதினோரு நடை நடந்தவர். மருந்து அறைக்குள் ஊதுபத்திக்குக்கூட அனுமதியில்லை. சாமி படமெல்லாம் கடை வாசலோடு சரி. செய்த சரக்கில் மூன்றைத் தானே சுட்டுப் பார்க்காமல் யாரிடமும் கொடுப்பதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு, தை மாதம் பெங்களூரில் சுடும் பந்தயம். ஊர்ப் பள்ளிக்கூடத்து வின்னி டீச்சர் தன் அப்பாவின் ரைஃபிளோடும் அம்மாள் செய்த தோட்டாக்களோடும் புறப்பட்டார். அம்மாளும் கூடப் போனார். பந்தய மேற்பார்வையாளர் சௌந்தரராஜன் தோட்டாப் பெட்டியைத் திறந்து பார்த்து முகம் சுளித்தார்.

"வீட்ல செஞ்சதா? வெடிச்சு கண்ணு போனா யார் பதில் சொல்றது?"

டீச்சருக்கு முகம் செத்துப்போயிற்று. அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னே வந்தார்.

"இன்னா சார், அவ்ளோதானே? உங்க கையாலயே மூணு எடுத்துக் குடுங்க. வெடிச்சா என் மூஞ்சில வெடிக்கட்டும்."

சௌந்தரராஜன் பெட்டியின் மூலை மூலையாகத் தேடி மூன்றைப் பொறுக்கினார். அம்மாள் தரையில் கவிழ்ந்து படுத்து, டீச்சரின் ரைஃபிள் கட்டையைத் தோளில் பதித்துக்கொண்டார். மூன்று வெடி. குறி அட்டையைக் கொண்டுவந்து பார்த்தால், மூன்று ஓட்டைகளையும் ஓர் எட்டணா காசால் மூடிவிடலாம். சௌந்தரராஜன் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து டீச்சரிடம் நீட்டினார். அன்று டீச்சருக்கு இரண்டாம் பரிசு.

"ரெண்டாவது வந்தது காத்து அடிச்சதாலே. தோட்டாவுல குத்தமில்ல," என்பார் அம்மாள், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

மறுமாதம் பங்காருபேட்டையில் ரயிலிறங்கி, ஒரு நீளமான துணிப்பையோடு கடைக்கு வந்தார் சௌந்தரராஜன். உள்ளே அவருடைய மாமனாரின் பழைய ரைஃபிள்.

"அம்மா, சனிக்கிழமைக்குள்ள இருபது தோட்டா வேணும்."

அம்மாள் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த மாதக் காலண்டரில் ஒரு தாளைப் புரட்டி, அடுத்த மாதம் பதினெட்டாம் தேதியின்மேல் விரலை வைத்தார்.